புல எண் 214/3

கோட்டையூரில் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கிழித்தவை.
ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவு,
இடையில் ஒரே வீடு நீட்டிப் படுத்திருக்கும்.
வரைபடத்தில் சுலபம்.
மே மாதத்தில் நடந்து பார்க்க வேண்டும்.

எனக்குத் தந்தது ஒரு டேப்லெட், ஒரு தொப்பி,
ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட்,
நாளைக்கு நாற்பது காலி மனை.
கட்டத்தக்கது என்றால் ஒன்று.
வழக்கில் கிடந்தால் இரண்டு.
பள்ளமாய் நீர் தேங்கினால் மூன்று, நிரப்பப் பரிந்துரைக்கலாம்.
எதிலும் சேராதது நான்கு; அதற்குப் பெயர் எச்சம்.
பயிற்சி வகுப்பில் நிர்மலகுமார் சார்
நான்குக்கு வரும்போது டீ வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் நான் படித்த எச்சம் வேறு.
‘வந்த’ என்று நிற்கும்,
வந்தது ஆளா மாடா மழையா
என்று பின்னால் ஒரு பெயர் வந்து சொல்லும்வரை
ஒற்றைக் காலில்.

214/3-இல் வீடு இருந்ததாம், ஆறு வருடம் முன்பு வரை.
தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு,
நிலைக்கதவு ஏதோ ஓட்டலுக்கு,
ஓடுகள் லாரிக் கணக்கில் யாருக்கோ.
தரையை மட்டும் விற்க முடியவில்லை:
முப்பத்தொரு பங்காளி, இருபத்தொன்பது கையெழுத்து.
ஒருவர் ஈப்போவில்.
இன்னொருவர் எங்கே என்று ஈப்போக்காரருக்கும் தெரியாது.

இரண்டு என்று தட்டப் போனேன்.
எதிரே ஜெராக்ஸ் கடை அபுதாகிர் இறங்கி வந்து
கேட்காமலே சொன்னார்:
“போன கார்த்திகையில நாலு தெருத் தண்ணியும் இங்கதாங்க எறங்குச்சு.
இத மேடாக்கிட்டீங்கன்னா
எம் மெசினு மெதக்கும்.”

வீடு போயிருக்கிறது. சாய்வு போகவில்லை.
முற்றத்துக் கல்தூம்பு செம்மண்ணுக்கடியில்
இன்னமும் ஊருணியைப் பார்த்தே வாய் திறந்திருக்கிறது.
முன்பு கூரைத் தண்ணீரை விழுங்கியது,
இப்போது தெருவுடையதை.
அப்படியானால் மூன்று.
ஆனால் மூன்று என்றால் நிரப்பச் சொல்லும்.

மிச்சச் சுவரில் ஒரு வேம்பு,
காக்கை இட்ட எச்சம், என் இடுப்புயரம்.
ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த சதுரங்களில்
கட்டெறும்புகள் பழைய பூவேலையின் ஓரம் மாறாமல் போகின்றன.
ஆவாரை, தும்பை, பெயர் தெரியாத ஒரு ஊதா.
பூக்களுக்குக் கட்டமில்லை படிவத்தில்.
‘குடியிருப்போர் எண்ணிக்கை’க்கு உண்டு.
பூஜ்யம் இட்டேன்.

மனையின் நடுப்புள்ளியில் மஞ்சள் அடிக்கக் குனியும்போது
தலைக்கு மேல் ஒரே கத்தல்.
ஆள்காட்டிக் குருவி.
போகிறது, திரும்பி என் தொப்பிக்கு நேராக வருகிறது,
காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கத்துகிறது.
சரளைக்கு நடுவே சரளை மாதிரியே நான்கு முட்டை.
என் செருப்புக்கும் அவற்றுக்கும் ஒரு சாண்.
ஆள் இல்லை என்று நான் எழுதிய மனையில்
அது ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த ஆள்
நான் ஒருத்திதான்.

மஞ்சளை நாலடி தள்ளி அடித்தேன்.

சாருக்குப் போன் போட்டால்
“நாலு போட்டுட்டு வாம்மா” என்கிறார்,
“குறிப்புப் பெட்டி இருக்குல்ல, அதுல எழுது.
யாரும் படிக்கப் போறதில்ல.”

குறிப்புப் பெட்டி நாற்பது எழுத்து கொள்ளும்.
கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும்
கறாரான பெட்டி.
வேம்பை விட்டேன். எறும்பை விட்டேன்.
அபுதாகிரின் மெஷினை மனசில்லாமல் விட்டேன்.
சுருக்கிச் சுருக்கி ஒரு வரி,
கடைசியில் ‘நிலம்’ என்று முடித்துச் சேமித்தேன்.

திரையில் நின்றது இவ்வளவு:

மழைநீர் இறங்குகிற, குருவி முட்டையிடுகிற

முடிக்கும் பெயரைப் பெட்டி ஏற்கவில்லை.
திருத்தவா என்று விரல் போனது.
ஊருணி முக்கு திரும்பும்வரை
பின்னால் அது கத்திக்கொண்டே இருந்தது.
அப்படியே அனுப்பினேன்.